சேர் பொன்னம்பலம் இராமநாதன் சரித்திரச் சுருக்கம்

இலங்கைச் சைவருடைய சரித்திரத்தை மாணாக்கருக்குச் சொல்லப் புகும் உபாத்தியாயர் யாவரும் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலரவர்களுக்குப் பின் எடுத்துச் சொல்லும் பெயர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் என்பது. ஆயினும் சொல்லும் முறையிலே ஒரு குறையுண்டு. அவர் சட்டநிரூபண சபையில் இருந்த காலமும், பெற்ற பட்டங்களும், கட்டிய கல்லூரிகளின் பெயர்களும் பரீட்சைக்கு வேண்டி நெட்டுருப் பண்ணப்படுகின்றன. அவர் ஒரு தந்தைக்கு மகனாய், ஒரு தமையனுக்குத் தம்பியாய், ஒரு தம்பிக்குத் தமையனாய், பிள்ளைகளுக்கும் மருமகனுக்கும் தலைவராய் 79 ஆண்டு இருந்து வாழ்ந்த இல்லறத்தார் என்பது மறக்கப்படுகின்றது. அவர் செய்த பெருங்காரியங்களுள் ஏறக்குறைய எல்லாம் அந்த இல்லறத்திலிருந்தே முளைத்தன என்பது எமது கருத்து. ஆதலின், சீனன்குடாவிலிருந்து சைவாசிரியர்களுக்கு எழுதும் யாம், அவரை ஒரு குடும்பத் தலைவராக வைத்து அவர் சரித்திரத்தை இங்கே சுருக்கிச் சொல்லப் புகுந்தேம்.

வடமராட்சியிலே கெருடாவில் என்னும் ஊரிலே தோன்றிக் கொழும்பிலே உயர்ந்த உத்தியோகம் வகித்தவர் குமாரசுவாமி முதலியார். சட்டநிரூபண சபையிலே தமிழருக்காக முதன்முதல் அமர்ந்தவர் அவரே. அவருடைய மகன் சேர் முத்துக்குமாரசுவாமி. மகளை மணந்தவர் மானிப்பாயிலே பிறந்து கொழும்பிலே வந்து குடியேறிய அருணாசலம் பொன்னம்பல முதலியார். இந்தப் பொன்னம்பல முதலியாருக்குப் பிள்ளைகள் மூவர்: குமாரசுவாமி, இராமநாதன், அருணாசலம். மூவரும் ஒவ்வொரு வகையாற் புகழ்பெற்றனர். நடுவிற் பிறந்த இராமநாதன் 1851ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதம் 16ஆந் திகதி கொழும்பிலே பிறந்தார்.

பொன்னம்பல முதலியாரை இக்காலத்தார் அதிகம் அறியார். மக்களுடைய புகழிலே மறைந்துபோன தந்தையர் வரிசையில் அவரும் ஒருவர். ஆயினும் அவர் செய்த ஒரு காரியம் மறையவில்லை. கடந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் நடுப்பகுதியிலே கொழும்புக் கொச்சிக்கடையிலே, துறைமுகத்துக் கூலிக்காரரும், வண்டிக்காரரும், பண்டகசாலைக் கணக்கரும் நெருங்கி வாழும் இடத்திலே, அவர் தமது சொந்தப் பொருளைச் செலவிட்டுச் சிவபெருமானுக்கு ஓர் ஆலயங் கட்டுவித்தார். கொழும்பு அக்காலத்திலே சைவர்களுக்கு ஊர் அன்று; உத்தியோகத்துக்கு வந்து தங்கும் இடம். யாழ்ப்பாணத்திலிருந்து போனவர் அங்கே பொருள் தேடுவர்; புண்ணியந் தேட ஊருக்குத் திரும்புவர். தாம் பொருள் தேடிய இடத்திலேயே கோயிலும் வேண்டுமென்று நினைத்தவர் பொன்னம்பல முதலியார். அக்கோயில் பின்னாளிலே அவர் பெயராலேயே பொன்னம்பலவாணேசர் ஆலயமென வழங்குவதாயிற்று. அவருடைய மூன்று மக்களும் அந்தத் திருச்சந்நிதிக்கு அணித்தாகவே வளர்ந்தனர்.

இராமநாதன் முதலிலே கொழும்பு அக்கடமி எனப்பட்ட, பின்பு இராச கல்லூரியெனப் பெயர்பெற்ற பாடசாலையிற் படித்தார். பின்னர்ச் சென்னைக்குச் சென்று இராசதானிக் கல்லூரியிலே கற்றார். மீண்டுவந்து, அக்காலத்துப் பெரிய நியாயவாதியாகிய சேர் றிச்சட் மோர்கனிடம் சட்டம் பயின்று, நியாயவாதியாய் நியாயதலத்திலே ஏறினார். பழைய தீர்ப்புகளைத் தேடித் தொகுத்து அச்சிடுவித்த காரியம் அவருக்கு இளமையிலேயே பெயர் தந்தது. இப்பொழுதும் இலங்கை நியாயதலங்களிலே அவர் பெயரால் வழங்குந் தீர்ப்புத் தொகுதி உண்டு. ஒரு வழக்கைப் பேசி வெல்வதினும், சிதறிக் கிடந்த பல வழக்குகளைத் திரட்டி வைப்பது பெரிய உழைப்பு. அவ்வுழைப்பை ஒருவர் 30 வயதுக்கு முன்னே மேற்கொண்டமை அவருடைய இயல்பைக் காட்டுகின்றது. செல்லாச்சி என்னும் அம்மையாரை மணந்து இல்லறத்தை நடத்தினார். மக்களும் பிறந்தனர்.

1879ஆம் ஆண்டு இக்குடும்பத்திற்குத் துக்கமும் பொறுப்பும் ஒருங்கே தந்த ஆண்டு. அம்மானாகிய சேர் முத்துக்குமாரசுவாமி அவ்வாண்டு மே மாதத்திலே தேகவியோகமாயினார். சட்டநிரூபண சபையிலே தமிழருக்குரிய இருக்கை வெறுமையாயிற்று. அதனை விரும்பினவர் ஒருவரல்லர். நாவலரவர்கள் அப்பொழுது தமது வாழ்நாளின் கடைசி ஆண்டிலே இருந்தார்கள். தேகம் மெலிந்திருந்தது. ஆயினும் வண்ணார்பண்ணையிலே சைவர்களைக் கூட்டி, அவ்விருக்கை 28 வயதினராகிய இராமநாதனுக்கே தரப்படல்வேண்டுமென்று தேசாதிபதிக்குத் தெரிவிப்பித்தார்கள். அவ்வாறே நியமனமும் வந்தது. அவ்வாண்டு டிசம்பரிலே நாவலரவர்கள் சிவபதம் எய்தினார்கள். யாழ்ப்பாணத்துச் சைவத்தின் பொறுப்பு ஒரு துறவியின் கையிலிருந்து ஓர் இல்லறத்தாரின் கைக்கு மாறியது அவ்வாண்டிலே எனலாம். இவ்விருவருடைய வழியும் ஒன்றன்று. நாவலரவர்கள் மணஞ்செய்யாதவர்கள், அவர்கட்குக் குடும்பம் பாடசாலையே. இராமநாதனுக்கோ குடும்பமே முதற் பாடசாலை.

சபையிலே அவர் 1892ஆம் ஆண்டுவரை இருந்தார். தபாற்கந்தோர்ச் சேமிப்பு வங்கி 1885ஆம் ஆண்டிலே தோன்றியமைக்கு அவர் முயற்சி ஒரு காரணம். ஏழைகள் தம் சிறு பணத்தைச் சேமித்து வைக்க இடமில்லாதிருந்த காலம் அது. பௌத்தருக்கு வெசாக் நாளிலே விடுமுறை வேண்டுமென்ற முயற்சிக்கும் அவர் துணை நின்றார். சைவராகிய ஒருவர் பௌத்தருடைய திருநாளுக்காகப் பேசினமை சிங்கள மக்கள் நெஞ்சிலே நெடுங்காலம் இருந்தது. 1892ஆம் ஆண்டிலே அவர் சொலிசிற்றர் ஜெனரலாக நியமனம் பெற்று 1906ஆம் ஆண்டுவரை அவ்வுத்தியோகத்தை வகித்தார். அதனைப்பற்றி யாம் இங்கே விரிக்கவேண்டியதில்லை.

ஒன்றை மாத்திரம் மறையாது சொல்லல்வேண்டும். 1888ஆம் ஆண்டிலே இவர் றோயல் ஆசியவியற் சங்கத்திலே வாசித்த ஒரு கட்டுரையில், இலங்கைச் சோனகர் இனத்தாற் றமிழரே என்று சாதித்தார். சோனகருக்கு வேறாகச் சபையிலே இருக்கை தரும் பேச்சு எழுந்த காலம் அது. ஆதலின் அவர்கள் அதனை வெறும் ஆராய்ச்சியாகக் கொள்ளவில்லை. தம்முடைய தனிமையை அழிக்கச் செய்த சூழ்ச்சியாகவே கொண்டு மிக வருந்தினர். திருக்கோணமலைக் குடாவின் கரைகளிலே முஸ்லிம் மக்களோடு ஒரே சந்தையில், ஒரே தெருவில், ஒரே துறையில் வாழும் எமக்கு, அக்கட்டுரையின் பயனைப்பார்க்கிலும் அதன் வடு பெரிதாகத் தோன்றுகின்றது. ஒரு மனிதருடைய இனம் இன்னதென்று அயலார் தீர்மானித்துச் சொல்லுவது எவருக்கும் இனியதன்று.

இராமநாதனுடைய அகவாழ்விலே பெரிய திருப்பம் ஒரு குருநாதராலே உண்டாயிற்று. தஞ்சாவூரிலே இராமசுவாமிப்பிள்ளை என்னும் பெயரோடு இருந்து அருட்பரானந்த சுவாமிகள் எனப் போற்றப்பட்ட ஞானி ஒருவரை அவரும் தம்பி அருணாசலமும் அடைந்து உபதேசம் பெற்றார்கள். அருணாசலத்தின் சிநேகிதராகிய எட்வேட் காப்பெந்தர் என்னும் ஆங்கில ஆசிரியர் இலங்கைக்கு வந்தபொழுது அந்த ஞானியைக் கண்டு, தமது பிரயாண நூலிலே எழுதி, மேனாட்டாருக்குத் தெரியப்படுத்தினார். ஆங்கிலக் கல்வியின் உச்சியிலே நின்ற சகோதரர் இருவர் ஒரு தமிழ் ஞானியின் காலடியிலே அமர்ந்தமை அக்காலத்திலே சிறிய காரியமன்று. ஆங்கிலங் கற்றவன் விபூதியை அழித்துவிடுவான் என்பதே அப்பொழுது ஊரார் எண்ணம். அவ்வெண்ணம் பெரும்பாலும் மெய்யாகவே நடந்துகொண்டும் இருந்தது.

அக்குருவிடம் பெற்ற ஞானத்தைக் கொண்டு இவர் செய்த ஒரு காரியம் சைவருட் பலருக்கு விளங்கவில்லை. ஸ்ரீ பரானந்தர் என்னும் பெயரால் மத்தேயு சுவிசேஷத்துக்கு 1898ஆம் ஆண்டிலும், யோவான் சுவிசேஷத்துக்கு 1902ஆம் ஆண்டிலும் ஆங்கிலத்திலே வியாக்கியானஞ் செய்து வெளியிட்டார். கிறிஸ்தவ வேதத்துக்குச் சைவர் ஒருவர் உரை காண்பது எதற்கென்று முகஞ்சுளித்தாரும் உளர். பாதிரிமார் பாடசாலையிலே அவ்வேதத்தை நாடோறும் ஓதி வளர்ந்த எமக்கு இந்நூல்கள் நடுவயதிலேதான் கண்ணிற் பட்டன. எமக்கு அங்கே மனனஞ் செய்விக்கப்பட்ட வசனங்களை இவர் ஆன்மா பாசத்தினின்றும் நீங்கிச் சிவத்தைச் சாரும் முறையாகப் பொருள்கொண்டு எழுதியிருக்கின்றார். அவர் கொண்ட பொருள் எல்லாம் பொருந்துமென்று யாம் சொல்லோம். சிலவிடத்து வலிந்து கொண்டதாகவே தோன்றும். ஆனால், பகைவர் கோட்டையென்று நாம் அஞ்சி நின்ற இடத்தினுள்ளே அவர் விளக்கோடு புகுந்து நடந்தார். மிஷன் பாடசாலையிலே படித்துச் சைவப் பாடசாலையிலே படிப்பிக்கும் எம்போன்ற உபாத்தியாயருக்கு அதனாலே வந்த ஆறுதல் பெரிது. கற்ற கல்வியை வெறுத்துத் தள்ளவும் வேண்டியதில்லை, அதற்கு அடிமையாகவும் வேண்டியதில்லை.

1905ஆம் ஆண்டிலே அமெரிக்க அன்பர் சிலர் அழைக்க அத்தேசத்துக்குச் சென்று 1906ஆம் ஆண்டுவரை பல இடங்களிலே பிரசங்கஞ் செய்தார். அப்பிரசங்கங்கள் நியூயோர்க்கு நகரிலே நூலாக அச்சாயின. அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த ஹரிசன் என்னும் பெண்மணியார் ஞானநாட்டத்தினாலே இவரிடம் வந்து, நூல்களைப் பதிப்பித்தும் எழுத்துவேலை புரிந்தும் உடனிருந்தார். யோவான் சுவிசேஷ உரையைப் பதிப்பித்தவர் அவரே. அமெரிக்கப் பிரயாணத்தை நூலாக எழுதினவரும் அவரே. செல்லாச்சியம்மையார் சிவபதமடைந்தபின் இராமநாதன் இவ்வம்மையாரை மணந்தார். அம்மையார் லீலாவதி என்னும் பெயர் பூண்டு சைவசமயியாய் வாழ்ந்தார். இம்மணத்தை ஊர் வாய் சும்மா விட்டிருக்குமென்று எவரும் எதிர்பாரார். ஊர் வாய் அடங்கினது அம்மையாருடைய நடையினாலேயே. அவர் யாழ்ப்பாணத்திலே நம் பெண்பிள்ளைகளுக்கு இடையே வாழ்ந்து, பின்னாளிலே அவர்களுக்குச் செய்த தொண்டை ஊரே கண்டது. இவர்களுக்குச் சிவகாமசுந்தரி என்னும் மகள் பிறந்தார்.

இனித் தந்தையின் கோயிலுக்கு வருவாம். பொன்னம்பல முதலியார் 1887ஆம் ஆண்டிலே இறந்தார். அவர் கட்டுவித்த ஆலயம் காலத்தாற் பழுதடைந்தது. உத்தியோகத்தினின்றும் நீங்கியவுடன் இராமநாதன் முதலில் எடுத்த காரியம் அதனைக் கருங்கல்லாலே புதுக்குவித்தல். 1907ஆம் ஆண்டு தொடங்கிய அத்திருப்பணி 1912ஆம் ஆண்டு கும்பாபிஷேகத்தோடு நிறைவுற்றது. இந்தியச் சிற்பிகளின் உளியாலே தூண்களும், மண்டபமும், கொடுங்கையும் கல்லிலேயே அமைந்தன. மரத்தாலும் செங்கல்லாலும் சுண்ணத்தாலும் முடித்திருந்தால் ஓராண்டிலே முடிந்திருக்கும். செலவும் பத்திலொரு பங்காயிருக்கும். கல் எதற்கென்று கேட்டார்க்குத் திருக்கோணமலையார் மறுமொழி சொல்லவல்லர். 1622ஆம் ஆண்டிலே போர்த்துக்கேயர் எம்முடைய கோணேசர் கோயிலை இடித்தனர். அதன் கற்கள் கோட்டை மதிலுக்குப் போயின. இலங்கையிலே கல்லாலாகிய சிவாலயங்கள் இடிபட்டுக் கிடந்த மூன்று நூற்றாண்டுக்குப் பின், இலங்கையின் தலைநகரிலே, அரசினர் துறைமுகத்துக்கு அருகே, முழுவதும் கல்லாலே ஒரு சிவாலயம் எழுந்தது. தந்தை வைத்த விளக்கை மகன் கல்லிலே நாட்டினார். கொச்சிக்கடைக்குப் போகும் சைவாசிரியர் தம் மாணாக்கரை அங்கே அழைத்துச் சென்று தூண்களைத் தொட்டுப் பார்க்கச் செய்தல் நன்று.

அதே காலத்திலே யாழ்ப்பாணத்திலே மற்றொரு கட்டடம் எழுந்துகொண்டிருந்தது. யாழ்ப்பாணத்துப் பெண்களுக்குக் கல்வி வேண்டுமானால் மிஷன் பாடசாலைக்கே போகவேண்டும். உடுவில் முதலிய இடங்களிலே அமெரிக்கப் பாதிரிமார் பெண்களுக்குப் பாடசாலை நடத்தத் தொடங்கி முக்கால் நூற்றாண்டுக்கு மேலாயிற்று. அவர்கள் கல்வியைக் குறைசொல்ல யாம் துணியோம். நன்றி மறத்தல் தகாது. ஆயினும் அங்கே போன பெண் மதம்மாறித் திரும்புவள் என்னும் அச்சத்தாலே சைவத் தாய்தந்தையர் பெண்ணைப் படிப்பியாமலே வீட்டில் வைத்தார்கள். படிப்பித்தாற் சமயம் போகும். படிப்பியாவிட்டால் அறிவு போகும். இந்த இருதலைக்கொள்ளியினின்றும் குடும்பங்களை மீட்க ஆண்பிள்ளைப் பாடசாலைகள் எத்தனை கட்டினாலும் ஆகாது. ஆண்பிள்ளைகளுக்குச் சைவ பரிபாலன சபையார் முன்னரே வண்ணார்பண்ணையில் இந்துக் கல்லூரியை நடத்திவந்தனர். பெண்பிள்ளைகளுக்கோ இடமில்லை. வீட்டிலே பூசையறையைக் காப்பவள் பெண். பிள்ளைக்கு முதலிலே விபூதி இடுபவளும் அவளே. அவள் கல்வியில்லாதிருந்தால், கல்லூரியிலே சமயம் படித்த மகனுக்கு வீட்டிலே அதனை உரைத்துப் பார்க்க ஆளில்லை. இதனை இராமநாதன் கண்டார். மருதனார்மடத்திலே விசாலமான வளவு வாங்கி, பெரிய கட்டடங்கள் எழுப்பி, 1913ஆம் ஆண்டிலே இராமநாதன் கல்லூரியைத் திறந்தார்.

அக்கல்லூரிக்கு முதலிலே தலைமை ஏற்க வந்தவர் யாரென்பது கேட்போருக்கு வியப்பைத் தரும். புளொறென்ஸ் பார் எமெரி என்னும் அம்மையார் இலண்டன் நாடகமேடைகளிலே புகழ்பெற்றவர். ஐரிஷ் கவிஞர் யேட்ஸும், நாடகாசிரியர் பேணாட் ஷாவும் அவருடைய நண்பர். இராமநாதனை இங்கிலாந்திலே கண்டு அவருடைய போதனையிலே பற்றுவைத்து, 1912ஆம் ஆண்டிலே தமக்குரிய யாவற்றையும் விட்டு இலங்கைக்கு வந்தார். தமிழ் கற்றார். சேலையுடுத்த சிறுமிகளுக்கு நடுவே அவர் இருந்த காலம் நெடிதன்று. புற்றுநோயினாற் பீடிக்கப்பட்டு 1917ஆம் ஆண்டிலே கொழும்பிலே இறந்தார். உடலந் தகனஞ் செய்யப்பட்டது. சாம்பரை இராமநாதனே களனியாற்றிலே கரைத்தார். உற்றார் ஒருவருமில்லாத நாட்டிலே இறந்தவருக்கு உற்றாராக நின்று செய்த அக்கடன் அவருடைய குடும்பம் எத்துணை விரிந்ததென்று காட்டும். அக்கல்லூரியைப் பின்னர் நெடுங்காலம் தாங்கி நின்றவர் லீலாவதி அம்மையாரே.

கல்லூரி நடந்த முறையை இக்காலத்து ஆசிரியர் அறிதல் பயன்படும். பெண்கள் அங்கேயே தங்கிப் படித்தனர். விடியலில் எழுதல், நீராடல், விபூதி தரித்தல், வழிபாடு, பின்பு பாடம் என்று அது ஒரு பெரிய வீட்டின் ஒழுங்கிலே நடந்தது. தமிழும் ஆங்கிலமும் ஒருங்கே கற்பிக்கப்பட்டன, சங்கீதமும் உண்டு. இராமநாதன் தாமே பகவத்கீதைக்குத் தமிழிலே விருத்தியுரை எழுதி 1914ஆம் ஆண்டில் வெளியிட்டார். தமிழிலக்கணம் ஒன்றும் எழுதினார். சட்டம் வல்ல ஒருவர் முதுமையிலே இலக்கணம் எழுத உட்கார்ந்தது எதற்கெனின், படிப்பிப்பதற்கு ஏற்ற நூல் வேண்டுமென்ற கவலையினாலேயே. வீட்டுப் பிள்ளைக்குப் புத்தகம் இல்லையென்றால் தகப்பன் எழுதித்தானே கொடுக்கவேண்டும்.

இந்த முன்மாதிரி எங்கள் ஊருக்கும் எட்டியது. 1923ஆம் ஆண்டிலே திருக்கோணமலையில் தங்கம்மா சண்முகம்பிள்ளை அம்மையார் சைவப் பெண்பிள்ளைகளுக்காக ஸ்ரீ சண்முக வித்தியாலயத்தைத் தொடங்கினார். மருதனார்மடத்தின் பெருங்கட்டடங்களைப்போல இங்கே பொருளில்லை; பொருளுடைய பிரபுவுமில்லை. ஆயினும் அது நிலைத்தது. ஆண்பிள்ளைகளுக்கு 1897ஆம் ஆண்டிலே தோன்றிய இந்துக் கல்லூரி இராமகிருஷ்ண சங்கத்தார் கையில் 1925ஆம் ஆண்டு சேர்ந்து, சுவாமி விபுலாநந்தருடைய பராமரிப்பையும் பெற்றது. சீனன்குடாவுக்கு இருப்புப்பாதை வந்தது 1927ஆம் ஆண்டிலேதான். அதன்பின்பே குடாவின் இப்பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பட்டினத்துப் பாடசாலை அணித்தாயிற்று.

சபைவாழ்வு மீண்டும் அவரைத் தேடி வந்தது. 1911ஆம் ஆண்டு, கற்ற இலங்கையர் யாவருக்கும் பொதுவாக ஓரிருக்கை தேர்தலால் நிரப்பப்படுமென விதிக்கப்பட்டது. இராமநாதன் நின்று, டாக்டர் மார்க்கஸ் பெர்னாண்டோ என்னும் சிங்களப் பெரியாரை வென்றார். வாக்காளருட் சிங்களவரே மிகுதி. இவ்வெற்றியைத் தமிழருடைய பெருமையாக மாத்திரம் சொல்லுவோர் பலர். சிங்களவருட் சாதிப்போட்டி இருந்தமையும் இவ்வெற்றிக்கு ஒரு காரணமென்பதை அவர்கள் சொல்லார். மாணாக்கருக்குச் சரித்திரஞ் சொல்லும் நாம் இரண்டையுஞ் சொல்லல்வேண்டும்.

1915ஆம் ஆண்டு மே மாத இறுதியிலே கண்டியிலே சிங்களவருக்கும் முஸ்லிம்களுக்கும் மூண்ட கலகம் பல இடங்களுக்கும் பரவியது. அரசினர் இராணுவச் சட்டத்தை விதித்து, சிங்களத் தலைவர் பலரைச் சிறையிலிட்டனர்; விசாரணையின்றியும் போதிய சாட்சியின்றியும் பலர் சுடப்பட்டனர். ஐரோப்பிய யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். கடலெங்கும் பகைவர் கப்பல்களும் வெடிகளும் இருந்தன. 64 வயதினராகிய இராமநாதன் இலண்டனுக்குக் கப்பலேறிச் சென்று, அரசினர் செய்த கொடுமையை எடுத்துக் காட்டி, நூலாகவும் அச்சிட்டு வழங்கினார். அவர் திரும்பிவந்தபொழுது சிங்களத் தலைவர்கள் குதிரைகளை அவிழ்த்துவிட்டு வண்டியைத் தாமே இழுத்து, வாட்டுப்பிளேசிலே சுகஸ்தான் என்னும் அவருடைய மாளிகைவரைக்கும் கொண்டுபோய் விட்டனர். கலகத்திலே உடைமையும் உயிரும் இழந்த முஸ்லிம் மக்கள் அந்த வண்டியை எந்த மனத்தோடு பார்த்திருப்பர் என்பதையும் நாம் எண்ணல்வேண்டும். அரசினருடைய அநீதியை எதிர்த்தமை நியாயமே. ஆனால் அடிபட்டாருடைய கண்ணீருக்கு அவருடைய நூலிலே இடம் போதவில்லையென்பது எமது துணிபு.

சகோதரர் மூவருள் மூத்தவராகிய குமாரசுவாமி 1906ஆம் ஆண்டிலே இறந்துவிட்டார். இளையவராகிய சேர் அருணாசலம் 1919ஆம் ஆண்டிலே இலங்கைத் தேசிய காங்கிரசின் முதற்றலைவராயினார். சிங்களவரும் தமிழரும் ஒரு குடையின்கீழ் நிற்கவேண்டுமென்று உழைத்த அவர், கொழும்பு நகரத்திலே தமிழருக்கென வாக்களிக்கப்பட்ட இருக்கை மறுக்கப்பட்டபொழுது மனமுடைந்து காங்கிரசை விட்டு நீங்கி, தமிழர் சங்கமொன்றை நாட்டினார். 1924ஆம் ஆண்டு சனவரி மாதத்திலே தலயாத்திரை செய்யும்பொழுது மதுரையிலே இறந்தார். அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை; நடுவிற் பிறந்தவர் தனித்தார். மாமன்மகனாகிய ஆனந்த குமாரசுவாமியோ அமெரிக்காவிலே பொஸ்தன் நகரத்து நூதனசாலையிலே கீழைத்தேசக் கலைகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். குடும்பத்தின் சுமை முழுவதும் முதியவராகிய ஒருவர் தோளிலே நின்றது. 1921ஆம் ஆண்டிலே சேர் பட்டம் பெற்ற அவர் அவ்வாண்டிலேயே திருநெல்வேலியிலே ஆண்பிள்ளைகளுக்காகப் பரமேசுவரக் கல்லூரியைத் திறந்தார். அது ஒருநாள் சர்வகலாசாலையாகவேண்டுமென்பது அவருடைய எண்ணம். மகள் சிவகாமசுந்தரியை மணந்த சு. நடேசபிள்ளை, தமிழ்நாட்டிலிருந்து வந்த கல்விமான், அக்கல்லூரியின் அதிபராயினார். இருந்த பொருளிற் பெரும்பகுதி கோயிலுக்கும் கல்லூரிகளுக்குமே போயிற்று. பிள்ளைகளுக்கு ஆஸ்தி வைப்பதே தகப்பன் கடமையென எண்ணும் உலகத்திலே இது எளிதன்று.

இறுதியாக அவர் வாழ்விலே எமக்குக் கடினமான பகுதிக்கு வருகின்றேம். 1927ஆம் ஆண்டிலே டொனமூர் பிரபுவின் தலைமையில் ஓர் ஆணைக்குழு இலங்கைக்கு வந்தது. ஆண் பெண் யாவருக்கும் வாக்குரிமை தரும் பேச்சு எழுந்தது. இராமநாதன் அதனை முழுப்பலத்தோடும் எதிர்த்தார். கல்வியும் உடைமையும் இல்லாதாருக்கு வாக்குரிமை தருதல் தீமை விளைக்குமென்றும், பெண்களுக்கு அது வேண்டாவென்றும் கொண்டார். தொகையாற் சிறுத்த தமிழர் பெரும்பான்மையின் கையிலே சிக்குவர் என்ற அவருடைய அச்சத்தைப் பின்வந்த காலம் பொய்யென்று காட்டவில்லை. அது வேறு. ஆனால், பெண்களைப் படிப்பிக்கத் தம்முடைய பொருளைக் கொட்டிக் கல்லூரி கட்டிய அதே கை, அப்பெண்கள் கையிலே வாக்குச்சீட்டு வரலாகாதென்று தடுத்தது எங்ஙனம்? யாம் பலமுறை எண்ணிப்பார்த்தேம். குடும்பத் தலைவராகவே அவர் உலகத்தைப் பார்த்தார். வீட்டிலே தகப்பன் யாவரையும் அன்போடு காப்பான், உணவிடுவான், படிப்பிப்பான், ஆனால் முடிவு அவனுடையது. நாட்டையும் அவர் அத்தகைய வீடாகவே கண்டார். அவ்வீட்டின் பின்கட்டிலே நிறுத்தப்பட்ட தாழ்த்தப்பட்ட சாதியார் அத்தகப்பனுடைய அன்பிலே பங்குபெற்றது சொற்பம். அவர்களுடைய பிள்ளைகள் இன்று நம் வகுப்புகளிலே முன்வாங்கிலே இருக்கின்றனர். அவர்களுக்கு இச்சரித்திரத்தைச் சொல்லும் ஆசிரியர் இப்பகுதியை விழுங்கிவிட்டுச் சொன்னால், பிள்ளைகள் அதனை வேறொரு இடத்திலே அறிவர்; அறிந்தபின் நாம் சொன்ன மற்றை யாவற்றையும் நம்பார்.

79ஆவது வயதிலே, 1930ஆம் ஆண்டிலே, அவ்வரசியற் றிட்டத்தை மறுத்து முறையிட மறுபடியும் இலண்டனுக்குச் சென்றார். முறையீடு பலிக்கவில்லை. மீண்டுவந்து அவ்வாண்டு நவம்பர் மாதம் 26ஆந் திகதி சிவபதமடைந்தார். அடுத்த ஆண்டிலே இலங்கைப் பெண்கள் ஆண்களோடு ஒப்ப வாக்களித்தனர். இராமநாதன் கல்லூரியிலே படித்து வெளிவந்த பெண்களும் அவர்களுட் சிலராயிருந்திருப்பர்.

அவருடைய சமாதி மருதனார்மடத்துக் கல்லூரி வளவிலேயே அமைந்தது. லீலாவதி அம்மையார் ஊரைவிட்டுப் போகவில்லை. தாம் பிறந்த அவுஸ்திரேலியாவுக்குத் திரும்பவுமில்லை. கணவருடைய கல்லூரியைத் தமது பொறுப்பாகக் கொண்டு அங்கேயே வாழ்ந்தார். மருமகனாகிய நடேசபிள்ளை அரசாங்க சபையிலே காங்கேசன்றுறைக்குப் பிரதிநிதியாய் 1934ஆம் ஆண்டு முதல் அமர்ந்து, சுதந்திரத்துக்குப் பின் மந்திரியாகவும் இருந்தார். 1960ஆம் ஆண்டுச் சட்டத்தாலே உதவிநன்கொடை பெற்ற பாடசாலைகள் அரசினர் கையிலே சேர்ந்தன. நாவலரவர்கள் காலந்தொட்டுச் சைவர் தம் வியர்வையாற் கட்டிய பாடசாலைகள் பலவும் அவற்றோடு போயின. 1974ஆம் ஆண்டிலே திருநெல்வேலியில் பரமேசுவரக் கல்லூரியின் வளவிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் முதல் வளாகம் திறக்கப்பட்டது. அவ்வளவினுள்ளே உள்ள பரமேசுவரன் கோயிலிலே, பரீட்சை நாட்களிலே விடியற்காலத்திற் சென்றால், கையிற் குறிப்புப் புத்தகங்களோடு விபூதி வாங்க நிற்கும் பெண்பிள்ளைகளைக் காணலாம். அவர்களுட் சிலர் எங்கள் சீனன்குடாவிலிருந்தும் போனவர்கள்.